வேனா, கோச்சியா, உள்ளூர்ப் பையனா?

சித்திரை பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். கூடலூர், கோத்தகிரி, திருச்சிப் பக்கம் இருக்கிற சொந்தங்கள், கனடாவுக்குப் போன பள்ளித் தோழர்கள், சில சமயம் யாழ்ப்பாணத்தில் என்னோடு வேலை செய்தவர்கள். கேள்வி ஒன்றுதான். "மலையகத்தைச் சுத்திப் பார்க்க வர்றோம். கொழும்பிலேயே வேன் பேசிடவா, கோச்சியில வந்துடவா, இல்ல அங்கேயே நீ ஒரு ஆளைப் பிடிச்சுத் தர்றியா?" கோச்சி என்றால் எங்கள் ஊரில் ரயில்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெண் எடுத்தது பண்டாரவளையில். மலையின் இரண்டு பக்கமும் நடந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். தெரியாது என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஐம்பது பேர் பஸ்ஸில், கொடி பிடித்தவர் பின்னால் ஓடுகிற டூர் ஒன்றும் இருக்கிறது. அதை இங்கே சேர்க்கவில்லை. அதில் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதும் இல்லை.

முதலில் கோச்சி. செலவு குறைவு, கண்ணுக்கு விருந்து. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். தண்டவாளம் நானுஓயாவுக்கு 1885-லேயே வந்துவிட்டது. பதுளையைத் தொட 1924 ஆயிற்று. இடையில் இருக்கிற மலைகளைப் பார்த்தால் ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்கத் தோன்றாது. ஹட்டனைத் தாண்டினால் கொட்டகலை, தலவாக்கலை, வலது இடது என்று மாறி மாறி அருவிகள். பட்டிப்பொல வரும்போது 1,890 மீட்டருக்கு மேலே நிற்பீர்கள், இந்த நாட்டில் அதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. அப்புறம் சுரங்கத்தைக் கடந்தால் பண்டாரவளை, பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் திறக்கும். இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்று ஒரே சுரங்கம் இரண்டு காலநிலையைப் பிரித்து வைத்திருக்கும் நாட்களும் உண்டு. எல்ல தாண்டி ஒன்பது வளைவுப் பாலம், அதற்கு அப்பால் தெமோதர. தெமோதரையில் தண்டவாளம் ஒரு வட்டம் அடித்து, தான் வந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போகும். சின்ன வயதில் அதை நம்பாமல், இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தவன் நான்.

முன்பதிவு 30 நாளைக்கு முன் திறக்கும், திறந்த கையோடு தீர்ந்தும் போகும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே மூன்றாம் வகுப்பு எடுத்து நின்றுகொண்டு வரலாம். கண்டிக்கும் எல்லவுக்கும் இடையில்தான் கூட்டம் நெரியும், வெளிநாட்டுக்காரர்கள் கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுப்பார்கள். விழுந்து இறந்தவர்களும் உண்டு, அதை யாரும் படம் போடுவதில்லை. இன்னொன்று: 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. ஆகவே, எந்த ஸ்டேஷன் வரை கோச்சி ஓடுகிறது என்று கிளம்புகிற வாரம் விசாரித்துவிட்டு டிக்கெட் எடுங்கள். நானுஓயாவில் இறங்கி "நுவரெலியா எங்கே?" என்று தேடாதீர்கள். டவுன் அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர், பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.

கோச்சியில் குறை என்ன? தோட்டம் முழுக்க ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களின் கூரை தெரியும், வாசல் தெரியாது. இறங்கிப் போகலாம் என்றால் தோட்டத்து பஸ் காலையில் ஒன்று, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒன்று என்று வரும். சாயங்காலம் கடைசி பஸ்ஸை விட்டால் அப்புறம் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை. இளவட்டங்கள், பை ஒன்றோடு வருகிறவர்கள், நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் தாராளமாக இப்படி வரலாம். நான் கூடச் சும்மா ஊர் பார்க்கப் போனால் கோச்சிதான்.

வேனைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், வேன்தான். ரம்பொடை ஏற்றத்தில் பனி இறங்கி முன்னால் போகிற லொறியின் பின் விளக்கு கூடத் தெரியாத நேரத்தில், பழகிய டிரைவர் கையில் ஸ்டியரிங் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வளைவுகளில் வாந்தி வரும், தோல் சீவாத தேசிக்காய் (எலுமிச்சை) ஒன்று கையில் இருக்கட்டும். நாள் வாடகை பேசுவார்கள். அதில் இத்தனை கிலோமீட்டர் என்று அடங்கியிருக்கும், கூடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு. டிரைவரின் இரவுத் தங்கலும் சாப்பாடும் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில ஹோட்டல்களில் டிரைவருக்குத் தனி அறை உண்டு. இல்லாத இடங்களில் பாவம், அந்தக் குளிரில் வேனிலேயே முடங்கிக் கிடப்பார். அப்படிக் கிடந்தவர் மறுநாள் மலை இறங்குகிற வண்டியில் நீங்கள் உட்காருவீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேனுக்கு ஒரு குணம் உண்டு. அது ரோட்டை விட்டு இறங்காது. டிரைவருக்குத் தெரிந்தது ரோடு, ரோட்டோரக் கடை, ரோட்டோர அருவி. மாவனல்லையில் மசாலாத் தோட்டம், கண்டியில் மாணிக்கக் கடை, மலை ஏறியதும் ரோட்டோரத் தேயிலை விற்பனைக் கூடம் என்று வரிசையாக நிறுத்துவார். அங்கே நீங்கள் வாங்குவதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இது ஊரறிந்த சங்கதி. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வாடகையில் மிஞ்சாததை அவர் அங்கே ஈடுகட்டுகிறார். "கடைகள் வேண்டாம், அந்த நேரத்துக்குக் காசு சேர்த்துத் தருகிறேன்" என்று நேராகப் பேசியவர்களுக்குப் பயணம் நன்றாகவே அமைந்திருக்கிறது.

இனி மாமா கதை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அம்மா கல்யாணமாகி ஹட்டன் பக்கம் வந்துவிட்டதால் இங்கேயே நின்றுவிட்டார். தாய்வீடு மொத்தமும் 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறியது. மாமாவுக்கு அப்போது 12 வயது. பிறகு கூடலூர், அங்கேயும் தேயிலைதான். மாமாவிடம் இருந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெயர், "நடுக்கணக்கு, மேட்டு லயம்" என்கிற இரண்டு சொற்கள், அப்புறம் ஒரு பீலி. ஊற்றுத் தண்ணீரை மூங்கிலிலோ தகரத்திலோ ஏந்தி விழவிடுவதைத்தான் நாங்கள் பீலி என்போம். மேட்டு லயத்துப் பீலியில் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் இடது பக்கமாக விழும், பாட்டி அதைத் திட்டிக்கொண்டே குடத்தை நகர்த்தி வைப்பார் என்று மாமா சொல்வார்.

2018-ல் மாமாவும் பிள்ளைகளும் முதல் தடவை வந்தார்கள். கொழும்பில் வேன் பேசி வந்தார்கள். டிரைவர் தங்கமான மனிதர், தமிழ் அரைகுறை. தோட்டத்துப் பெயரைப் போனில் போட்டார். அது நேராக ரோட்டோரத்தில் ஒரு தேயிலை விற்பனைக் கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. பெயர் சரிதான், இடம்தான் அது இல்லை. மேலே போகிற பாதையில் வாச்சர் நின்று, தோட்டத்து மேனேஜரான துரையிடம் அனுமதி இல்லாமல் போக முடியாது என்றார். நானும் கூட இருந்தேன். ஹட்டன்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவன், புசல்லாவையில் எனக்கு யாரையும் தெரியவில்லை. எந்தப் பக்கம் ஏறுவது, யாரைக் கேட்பது, ஒன்றும் தெரியவில்லை. தேநீர் குடித்துவிட்டு, அரைக் கிலோ தூள் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மாமா வழியெல்லாம் பேசவில்லை.

போன வருடம் மாசியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை கோச்சியில் நாவலப்பிட்டி வரை, அங்கிருந்து பஸ். புசல்லாவையில் ஒரு தம்பியை இரண்டு நாளைக்குப் பேசி வைத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளை, லைசன்ஸ் வைத்திருக்கிற ஏரியா கைட். போனில் மாமா "நடுக்கணக்கு" என்று சொன்னதுமே அவர் சிரித்தார். "அய்யா, மேப்பில அது இங்கிலிஷ்ல வேற பேர். இப்ப கீழ்க்கணக்கோட சேர்த்துட்டாங்க. மேட்டு லயம் எங்க பெரியம்மாவுக்குத் தெரியும், கேட்டு வைக்கிறேன்." எங்கள் தோட்டங்களுக்கெல்லாம் இரண்டு பெயர்: வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நாங்கள் கூப்பிடுவது ஒன்று. டிவிஷனைக் கணக்கு என்போம். மேல்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு. இந்தப் பெயர்கள் எந்தப் போனிலும் வராது.

துரையிடம் அவரே முதல் நாள் பேசி அனுமதி வாங்கியிருந்தார். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். மருமகள் பூசியிருந்த சென்ட் வாசனை பிடித்ததும், "அக்கா, கழுவிட்டு வந்துடுங்க" என்றார். ஏன் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தது. பாதை ஒரு பெரிய மரத்துக்கு அடியில் போகிறது. அவர் சட்டென நின்று, வாயில் விரல் வைத்து, மேலே காட்டினார். கிளையில் கறுப்பாக, முறம் அளவுக்கு ஒரு கூடு. குளவி. தோட்டத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது எங்களுக்குப் புதிதில்லை, கொழுந்து எடுக்கிற பெண்கள் பத்திரிகையில் வருவது பெரும்பாலும் இதனால்தான். பேச்சை நிறுத்தி, வந்த வழியே இருபது அடி பின்வாங்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக வேறு பாதையில் கூட்டிப்போனார். அது கொஞ்சம் சுற்று, அட்டையும் கூடுதல். வேன் டிரைவருக்கோ எனக்கோ அந்தக் கூடு அங்கே இருப்பது தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கும் முந்தின வாரம்தான் தெரியுமாம்.

மேட்டு லயம் இல்லை. இடித்துவிட்டுத் தேயிலை நட்டிருந்தார்கள். அஸ்திவாரக் கல் மட்டும் செடிகளுக்கு நடுவே ஒரு கோடாகத் தெரிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, காம்பரா என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அதை மாமா காலால் அளந்து பார்த்தார். தம்பி அவரை அவசரப்படுத்தவில்லை. பிறகு கீழே இறக்கிப் பீலிக்கரைக்குக் கூட்டிப்போனார். மூங்கில் போய்ப் பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தது. தண்ணீர் இடது பக்கமாகத்தான் விழுந்தது. மாமா முகம் கழுவினார், கொஞ்சம் குடித்தார், அப்புறம் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி "யாரு வீட்டுப் புள்ள?" என்றார். மாமா தாத்தாவின் பெயரைச் சொன்னார், பாட்டிக்குப் பிடிபடவில்லை. பட்டப்பெயரைச் சொன்னார். "அட, சுருட்டுக்காரர் மகனா!" என்று பாட்டி ஈரக் கையோடு எழுந்து வந்தார். மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்தான்: தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ.

எல்லாருக்கும் தேடிப்போக ஒரு பீலி இருக்காது. சரி. இருந்தாலும் தனி வழிகாட்டி என்கிற செலவு எங்கே பலன் தருகிறது என்பது அந்த இரண்டு நாளில் எனக்குத் தெளிவாயிற்று. தேயிலை ஃபேக்டரியில் இலை வாடுவது, உருட்டுவது, சலிப்பது எல்லாவற்றையும் அங்கேயே ஆள் போட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், அதற்கு வழிகாட்டி தேவையில்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் கற்பூரப் புகை படிந்து நிற்கிற ரோதைமுனியை யார் காட்டுவார்கள்? ஓடுகிற மெஷினுக்கென்று ஒரு சாமி. கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்குக் கவ்வாத்துச்சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களம் எது, கொழுந்து நிறுக்கிற மடுவம் எது, வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா எது என்று தம்பி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மடுவத்தில் தராசைச் சுற்றி நின்ற பெண்களில் ஒருவர், "நேத்து கிலோ பத்தல, அரைப்பேர் போட்டுட்டாங்க" என்று சலித்துக்கொண்டார். பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன நிறை வராவிட்டால் பாதி. கூடலூர் மருமகளுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை, அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான்.

மாசி என்பதால் இன்னொரு யோகமும் அடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். எந்தப் பட்டியலிலும் வராது, நாளும் நேரமும் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். தம்பியின் மச்சான் ஒருவர் அதில் வேஷம் கட்டுகிறார் என்பதால் ராத்திரி பதினொன்றரைக்கு எங்களை எழுப்பிக் கூட்டிப்போனார். இரண்டாம் நாள் பாரதெக்கப் பக்கம். அங்கே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், 2007-லிருந்து. கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறுகிற வேன்கள் அந்தக் கிளைப் பாதையைப் பார்க்காமலே போய்விடும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ வாரம் முழுக்க அந்தத் தம்பியையே வைத்துக்கொள்கிறோம்" என்றால், வேண்டாம் என்பேன். உள்ளூர் என்பதற்கு ஒரு சுற்றளவு உண்டு. எங்கள் மலையில் அது ஒரு பள்ளத்தாக்கு அளவுதான். புசல்லாவையில் நான் எப்படியோ, ஹட்டனில் அந்தத் தம்பியும் அப்படித்தான். ஹப்புத்தளையில் அவரும் உல்லாசப் பயணிதான்.

காலநிலையும் அப்படியே பிரிகிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை போட்டுத் தள்ளும். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் வானம் வெளுத்திருக்கும். அந்தப் பக்கத்து டிம்புள்ளைத் தேயிலைக்கு அப்போதுதான் மணம். ஊவாப் பக்கம் தலைகீழ். பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைக்கு வருடக் கடைசி மழை, ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காற்று, ஊவாத் தேயிலைக்கு அதுதான் பேர்போன பருவம். தமிழ்நாட்டுக்காரர்கள் மே லீவில் வந்து ஹட்டனில் மழைக்குள் மாட்டிக்கொள்வது வருடா வருடம் நடக்கிறது. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவே சொல்வார்கள். டித்வாவுக்குப் பிறகு யாரும் அதை அலட்சியம் செய்வதில்லை. வழிகாட்டியே "இன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம்" என்றால் கொடுத்த காசைப் பற்றி வாதாடாதீர்கள்.

வழிகாட்டிக்குக் காசு கொடுக்கத் தேவையில்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டன் சமவெளி: சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் அளவு, வழி தவற இடமே இல்லை. உலக முடிவு என்கிற விளிம்பில் மலை 800 மீட்டருக்கு மேல் செங்குத்தாக விழுகிறது, ஆனால் ஒன்பது, பத்து மணிக்குள் பனி மூடிவிட்டால் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். விடிய முன் வாசலில் நிற்க வேண்டும், அதற்குத் தேவை வழிகாட்டி அல்ல, அலாரம். பிளாஸ்டிக் உறைகளை வாசலிலேயே உரித்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் கனம். சார்க் நாட்டவருக்குத் தனி விலை என்பதால் இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். லிப்டன் சீட்: ஹப்புத்தளையிலிருந்து ஆட்டோவில் உச்சி வரை ஏறி, தம்பதென்னை ஃபேக்டரி வரை 7 கிலோமீட்டர் நடந்து இறங்குங்கள். 1890-ல் லிப்டன் கட்டிய ஃபேக்டரி இன்னும் ஓடுகிறது. ஏறி நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். எல்ல மலைக்கு ஏறும் வழியில் "இது வழியில்லை" என்று உங்களைத் திருப்பிவிட்டு, பிறகு வழி காட்டக் காசு கேட்கிற ஆட்கள் வருவார்கள். அவர்களை உள்ளூர் வழிகாட்டி என்று எண்ணிவிடாதீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பதில் சிவனொளிபாதமலை நடுவில் நிற்கிறது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சீசன். நல்லதண்ணியிலிருந்து 5,000 படிக்கு மேல், வழியெல்லாம் விளக்கு, தேநீர்க் கடை, ஆட்கள். தனியாகவே ஏறலாம், ராத்திரி இரண்டு மணிக்குத் தொடங்கினால் சூரியன் உதிக்கும்போது 2,243 மீட்டர் உச்சியில் இருப்பீர்கள். சீசன் முடிந்தால் விளக்கு இல்லை, கடை இல்லை, மழையும் காற்றும் மட்டும். அப்போது நல்லதண்ணிக்காரர் ஒருவர் இல்லாமல் ஏறக் கூடாது. அந்தப் பக்கத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. பீக்கோ டிரெயில் என்று கண்டியிலிருந்து ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல சுற்றி நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடைபாதையை 22 பகுதிகளாக வகுத்திருக்கிறார்கள். நடக்கத் தெரிந்தவர்களுக்குப் போன் மேப்பே போதும். ஒரு பகுதிக்காவது அந்த ஊர்க்காரரோடு நடந்து பாருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆகவே, ஐந்தாறு நாள் வருகிறவர்களுக்கு நான் சொல்கிற கணக்கு இதுதான்: ஊர் மாற கோச்சியும் பஸ்ஸும், ஒரே ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தனி வழிகாட்டி. முதியவர்கள் இருந்தால் வேனில் வாருங்கள், ஆனால் அந்த இரண்டு நாளும் வேன் டவுனில் நிற்கட்டும், டிரைவரும் ஓய்வெடுக்கட்டும். மூன்று நாள்தான் இருக்கிறது, கண்டி, நுவரெலியா, எல்ல, சீதா எலிய எல்லாம் பார்த்தாக வேண்டும் என்றால் வழிகாட்டி வீண் செலவு. அவர் வண்டிக்குள் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து ஜன்னலைத்தான் பார்ப்பார்.

ஆளை எப்படிப் பிடிப்பது? சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கொடுக்கும் லைசன்ஸில் வகைகள் உண்டு. நாடு முழுக்கக் கூட்டிப்போகிற தேசிய வழிகாட்டி, வண்டியும் ஓட்டுகிற சோஃபர் கைட், ஒரு பிரதேசத்துக்கு மட்டுமான ஏரியா கைட், ஒரே இடத்துக்கான சைட் கைட். உங்களுக்கு வேண்டியது ஏரியா கைட். அட்டையைக் கேட்டுப் பாருங்கள், நல்லவர்கள் கேட்கும் முன்பே காட்டிவிடுவார்கள். தங்குகிற விடுதிக்காரரிடம் "எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று கேளுங்கள். தோட்டத்துப் பெயரைத் தயங்காமல் சொன்னால் பாதி வேலை முடிந்தது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, ஆட்டோச் செலவு யாருடையது, மத்தியானச் சாப்பாடு எங்கே, துரையிடம் அனுமதி யார் வாங்குவது, இவை நான்கையும் போனிலேயே பேசிவிடுங்கள். தமிழில் பேசலாம் என்பது நமக்குப் பெரிய வசதி. மொழிபெயர்ப்புக்கு ஆள் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கிடைக்காத பேச்செல்லாம் மடுவத்து வாசலில் நமக்குக் கிடைக்கும்.

லயத்துக்குப் போகும்போது ஒன்று. பிள்ளைகளுக்கு மிட்டாயும் சில்லறையும் வீசாதீர்கள். எதையாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கொப்பி, பென்சில் வாங்கிப் பள்ளிக்கூட ஆசிரியரிடம் கொடுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். ரோட்டோரத்தில் கூடை மாட்டி நின்று காசுக்குச் சிரிக்கிறவர்களின் படம் உங்களிடம் வேண்டிய அளவு இருக்கும். வேலைக்கு நடுவில் இருக்கிறவரை நிறுத்தி எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் அவருடைய தராசில் இலை குறைகிறது.

மாமா இந்த ஆகஸ்டில் மறுபடி வருகிறார், இந்தத் தடவை மாமியின் ஊர், ஹப்புத்தளைக்கு அப்பால் எங்கோ. கையில் ஒரு கோயில் பெயர் மட்டும் இருக்கிறது. புசல்லாவைத் தம்பிக்கே போன் போட்டேன், நல்ல பழக்கம், நாள் கூலியும் தெரிந்தது. அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அண்ணே, அந்தப் பக்கம் எனக்கு ஒரு மரம் கூடத் தெரியாது. நம்பர் ஒண்ணு அனுப்புறேன், அவரோட பேசுங்க" என்றார்.